டாக்டர் செய்த சத்தியம்

என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒரு திட்டு திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். உள்ளே வரும்போது பார்த்தேன். உங்களில் ஒரு நர்ஸ் பெண், யாரென்று சொல்லிக் காட்டிக்கொடுக்கமாட்டேன், நடையில் நின்றபடி ஒரு நோயாளியைப் பார்த்து "வாழ்த்துகள் அக்கா!" என்று கூவுகிறாள். சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்! ஒவ்வொருத்தியும் வருஷக்கணக்காகப் பிள்ளைக்கு ஏங்கிக் கிடப்பவள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. வேலையை விட்டு இத்தனை காலமான பிறகும், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் நின்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள் பிள்ளைகளா.

நான் மிஸ்ஸியாக, அதுதான் அன்றைய நர்ஸாக, வேலைக்குச் சேர்ந்தபோது நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வரவில்லை, வெள்ளைக்காரன் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்துவிட்டு காஜா பெராங் சாலையில் ஒரு பெண்கள் கிளினிக்கில் சேர்ந்தேன். சாலையைப் பார்த்த முன்பக்கம் கிளினிக், நடுவில் பிரசவத்துக்குச் சில கட்டில்கள், பின்பக்கம் டாக்டரின் வீடு. டாக்டர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என் பேர் எதுக்கு மிஸ்ஸி, வேலையைச் சொல்லு" என்று மேலேயிருந்து கோபித்துக்கொள்வார்.

குழந்தை இல்லாதவர்கள்தான் அவரைத் தேடி அதிகம் வந்தார்கள். தோட்டத்துத் தமிழர், கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பெண்கள், நோன்யாச் சீனப் பெண்கள், பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மலாயில் பேசும் செட்டிப் பெண்கள் என்று பெஞ்சு எப்போதும் நிறைந்திருக்கும். எல்லாரிடமும் அவரவர் பேச்சிலேயே பேசுவார். மத்தியானம் ஆனால் பின்பக்கம் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார், அதை எந்த அவசரக்காரனும் மாற்ற முடியாது. மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் சின்னக் காரில் அடைத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் கடற்கரைக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை வரும்போது அவர் சட்டைப்பையில் கிளிஞ்சல் இருக்கும்.

கடைக்குட்டி மீனா இருக்கிறாளே, அது ஒரு வாலு. பின்கதவு திறந்திருந்தால் போதும், தவழ்ந்து முன்னால் வந்து யார் மடியிலாவது ஏறிக்கொள்ளும். குழந்தையில்லாத பெண்கள் அதை விடவே மாட்டார்கள். டாக்டரின் மனைவியை எல்லாரும் டாக்டரம்மா என்போம். "கண்ணு பட்டுடும்னு பயமா இல்லையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா அந்த மடியைப் பாரு மிஸ்ஸி, எப்படிப் பிடுங்கிட்டு வர்றது?" என்றார்.

டாக்டருக்கு ஒரு சட்டம் உண்டு. மனைவியை மட்டும் கூட்டிவந்து தள்ளிவிட்டுப் போனால் பார்க்கமாட்டார். புருஷனும் வரவேண்டும், அவனுக்கும் பரிசோதனை உண்டு. இன்று உங்களுக்கு இது சாதாரணம். அன்று ஆம்பிளையைப் பார்த்து, "குறை உன்கிட்ட இருக்கலாம்" என்று சொல்வதற்கு நெஞ்சில் உரம் வேண்டும். ஆஜானுபாகுவான ஒரு லாரி டிரைவர், விஷயம் என்னவென்று தெரிந்ததும் கழிப்பறைக்குப் போவதுபோலப் பின்பக்கம் நழுவி, சமையலறை வழியாக ஓடப் பார்த்தார். அங்கே பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த டாக்டரம்மா தலையைக்கூடத் தூக்காமல், "பின்வாசல்ல நாய் கட்டியிருக்கு தம்பி. டாக்டர் கடிக்கமாட்டார், அவர்கிட்டயே போங்க" என்றாராம். அந்த மனிதர் திரும்பி வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார்.

பரிசோதனையில் என்ன தெரிந்தாலும் அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் சொல்வார். மாமனார், மாமியார், ஊர்ப் பெரிய மனிதர், யார் வந்து கேட்டாலும் மூச்சு விடமாட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கனகத்தின் கதை.

கனகத்தின் புருஷன் சின்னையா, அதே சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். கடையும் வீடும் அவருடைய அம்மாவின் கைக்குள் இருந்தன. இரண்டு பேரையும் பரிசோதித்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு பேர்கிட்டயும் குறை ஒண்ணும் இல்லை. கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பினார்.

பொறுக்க வேண்டியது மாமியார் அல்லவா? அவர் மூவார் பக்கம் ஒரு தோட்டத்தில் மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார். அப்போது நம்மவர்கள் இரண்டு பெண்டாட்டி வைத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை, சட்டமும் தடுக்கவில்லை. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கனகத்தை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தை வரைக்கும் பாப்பேன் மிஸ்ஸி. அப்புறம் அவ பாட்டுக்கு இருக்கட்டும், சோறு போடுவோம்." கனகம் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது.

அடுத்த மாதம் கனகத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதற்கடுத்த மாதமும். வாந்தி, மயக்கம், சாம்பல் வாசனைக்கு ஆசை, மார்பில் மாற்றம், எல்லாம் புத்தகத்தில் போட்டபடி வந்தன. இப்போதுபோல் காலையில் ஒரு சொட்டில் தெரிந்துகொள்ளும் வசதி அன்று எங்களிடம் கிடையாது. நீண்ட நாள் காத்திருந்து தங்கிய கருவைக் கையால் சோதிக்கக்கூடாது, கலைந்துபோகும் என்பது டாக்டரின் வழக்கம். அதனால் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அவர் எழுந்து நின்று கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாழ்த்துகள் அம்மா" என்றார். வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அன்று சின்னையா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கற்கண்டு கொடுத்தாராம்.

வயிறு வளர்ந்தது. வளைகாப்புக்கு நாள் குறிக்க மாமியார் கனகத்தையும் கூட்டிக்கொண்டு டாக்டரைக் கேட்க வந்தார். அன்று முதல்முறையாக நான் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க மரக்குழலை வயிற்றில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். கனகம் என் கையை இழுத்து அடிவயிற்றில் வைத்து, "துள்ளுது பாருங்க மிஸ்ஸி, போக்கிரிப் பய" என்றாள். என் கைக்கடியில் உண்மையாகவே ஏதோ அசைந்தது. ஆனால் குழலில் அவளுடைய இதயம் மட்டும்தான் கேட்டது. அவளிடம் சிரித்துவிட்டு, நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வந்து கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு, "நாளைக்கு வாம்மா, கொஞ்சம் தூங்கவெச்சு நல்லாப் பாத்துடறேன், வலிக்காது" என்று சாதாரணமாகச் சொல்லி அனுப்பினார். அன்று மத்தியானம்தான் அவர் பிள்ளைகளோடு சாப்பிடப் போகாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை. முகமூடியில் மயக்கமருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தவள் நான். டாக்டர் வயிற்றின்மேல் கை வைத்தபடி நின்றார். கனகத்தின் மூச்சு ஆழமாகியது, கைகள் தளர்ந்தன. அப்புறம், பிள்ளைகளா, என் கண்ணெதிரிலேயே அந்த வயிறு இறங்கியது. மெதுவாக, மாவில் வைத்த விரலைப் போல டாக்டரின் கை உள்ளே போயிற்று. கடைசியில் கல்யாணமாகாத பெண்ணின் வயிறு மாதிரி தட்டையாகிவிட்டது. "அம்மா!" என்று கத்திவிட்டேன். டாக்டர் கையமர்த்தினார். அவருடைய உதடும் வெளுத்திருந்தது.

அங்கே குழந்தை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

மருந்தை நிறுத்தினோம். மயக்கம் தெளியத் தெளிய, கண் திறப்பதற்கு முன்னாலேயே, அந்த வயிறு மறுபடியும் எழும்பி வந்தது. பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படாதவள் நான், தோட்டத்தில் இருட்டில் நடந்து வளர்ந்தவள். அன்று பயந்தேன். ஒரு பெண்ணின் ஆசை அவளுடைய உடம்பையே பிடித்து ஆட்டுகிறதே என்று பயந்தேன். ஆசை மட்டும்தானா? மூவார்ப் பெண்ணைப் பற்றிய நடுக்கம்தான் அந்த வயிற்றுக்குள் இருந்தது.

மாமியாரும் சின்னையாவும் வெளியில் காத்திருந்தார்கள். டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நான் படிச்சு முடிச்ச புதுசுல வேற ஊர்ல இப்படி ஒரு கேஸ். பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும், பிள்ளையும் இல்லை ஒண்ணும் இல்லை, நடிப்புன்னு சொல்லிட்டார். மறுநாள் அந்தப் பொண்ணைக் கிணத்துலேர்ந்து எடுத்தோம்" என்றார்.

"கலைஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினேன்.

"கலைஞ்சா எங்கேன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பொய் வேணும். அவளும் அதை நம்பி அழுவா, அடுத்த வருஷம் மறுபடியும் இதே வயிறு வரும். முடியாது மிஸ்ஸி. தப்பு என்னோடது. அவளைவிட நான் ஆசைப்பட்டுட்டேன். ஆசைப்பட்டவன் பரிசோதனை பண்ணக்கூடாது."

அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சின்னையாவை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசினார். "உங்க மனைவி யாரையும் ஏமாத்தலை. அவ உடம்பு அவளை ஏமாத்திடுச்சு. இது நோய்தான், குணமாகும். ஆனா இன்னிக்கு அவளை யாராச்சும் பொய்க்காரின்னு சொல்லிட்டா, நான் அவளுக்குப் பொறுப்பு ஏத்துக்க முடியாது. உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்." சின்னையா எழுந்து கனகம் படுத்திருந்த திரைக்குப் பின்னால் போனார். நான் கனகத்தின் கட்டில் பக்கத்தில் நின்றேன். டாக்டர் தணிந்த குரலில் அவளுக்கு எடுத்துச் சொன்னார். "நான் பொய் சொல்லலைங்க, நான் பொய் சொல்லலைங்க" என்று அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பி அதையே சொன்னாள்.

அதற்குள் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னாங்க ஆச்சு? எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கறீங்க?"

யார் வாய் திறப்பது? சின்னையாதான் பேசினார். அவர் அம்மாவுக்கு எதிராகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"பிள்ளை இல்லைம்மா. வயித்துல ஏதோ நோவு, வீங்கியிருக்குது. குறை என்கிட்டம்மா. எனக்குத்தான் பிள்ளை வராது. மூவார்லேர்ந்து கட்டிக்கிட்டு வந்தாலும் வராது."

அப்பட்டமான பொய். கனகத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். மாமியார் டாக்டர் பக்கம் திரும்பினார். "அப்படியா டாக்டரையா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "புருஷன் பொண்டாட்டி விஷயத்தை நான் வேற யார்கிட்டயும் பேசறதில்லைம்மா" என்றார். அது அவருடைய பழைய சட்டம்தான், பொய்யில்லை. ஆனால் அந்த அம்மாவின் காதில் அது 'ஆமாம்' என்றுதான் விழுந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் மனதுக்குள், தப்பித்தோமடா சாமி என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கே தப்பித்தோம்?

ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் கனகத்துக்கு நல்ல காலம். வயிறு சில வாரங்களில் வற்றிப்போனது. மூவார்ப் பேச்சு நின்றது. 'என் மகன் கொடுத்துவைக்காதவன், இவளாவது பக்கத்தில் இருக்கிறாளே' என்று மாமியார் மருமகளைத் தாங்க ஆரம்பித்தார். மெர்டேக்காவும் வந்தது. கொடி மாறிய அன்று டாக்டர் மூன்று பிள்ளைகளையும் பண்டார் ஹிலிர் திடலுக்குக் கூட்டிப்போய், மீனாவைத் தோளில் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்கு மறு வருஷம் கனகமும் சின்னையாவும் மறுபடியும் வந்தார்கள். அவளுக்குத் தள்ளிப்போயிருந்தது. டாக்டர் இந்த முறை எதையும் விடவில்லை. கையால் பார்த்தார், பொறுத்திருந்து பார்த்தார், இன்னொரு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். கடைசியில் ஒருநாள் மரக்குழலில் கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இந்தத் தடவை நிஜம்" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

கனகம் சிரித்தாள். சிரிக்கும்போதே பாதியில் நின்று புருஷனைப் பார்த்தாள். சின்னையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளை வரப்போகிறது என்று கேட்டு ஒரு மனிதர் நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். "டாக்டரையா, அம்மாகிட்ட என்னா சொல்றது?" என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எனக்குப் பிள்ளை வராது என்று மகன் தன் வாயால் சொல்லியிருக்கிறார். டாக்டர் மறுக்கவில்லை. இப்போது மருமகள் வயிற்றில் பிள்ளை. அந்த அம்மா என்ன நினைப்பார்? ஊர் என்ன நினைக்கும்?

"நான் வந்து பேசறேன். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றார் டாக்டர். ஆனால் மசக்கையை எத்தனை நாள் மறைக்கமுடியும்? அவர் போவதற்குள் மாமியாரே வந்துவிட்டார்.

காலை நேரம், பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கனகத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. பின்னால் சின்னையா, செருப்புக்கூட இல்லாமல். கனகத்தின் கையில் ஒரு துணி மூட்டை. டாக்டர் எழுந்து வந்து எல்லாரையும் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நானும் உள்ளே நின்றேன்.

"இவளை இங்கயே விட்டுட்டுப் போவப்போறேன். எவன் பிள்ளையோ அவன் வந்து கூட்டிக்கிட்டுப் போவட்டும்" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"அம்மா, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்மா. எத்தனை தரம் சொல்றது!" என்று சின்னையா அழுதார்.

"அன்னிக்குச் சொன்னது நிஜம். பொண்டாட்டி மானத்தைக் காப்பாத்த இன்னிக்குத்தான் பொய் சொல்ற. பெத்தவளுக்குத் தெரியாதா உன்னை?"

டாக்டர் குறுக்கே வந்தார். "அன்னிக்கு நீங்க என்னைக் கேட்டீங்க, நான் வாயை மூடிட்டு நின்னேன். அது என் தப்பும்மா. உங்க மகன்கிட்ட எந்தக் குறையும் இல்லை. பரிசோதனைத் தாள் இருக்கு, எடுத்துக் காட்டறேன்."

"உங்க இங்கிலீசுக் காயிதம் எனக்கு எதுக்கு? அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. எதைங்க நம்பறது?" அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். சின்னையாவின் அழுகைச் சத்தம் கேட்டுப் பின்கதவு வழியாக டாக்டரம்மா வந்து நின்றிருந்தார், இடுப்பில் மீனா. மாமியாரின் கண் அந்தக் குழந்தையின்மேல் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் தாயே, அதைக் கேட்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டேவிட்டார்.

"உங்க பிள்ளை தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணுங்க டாக்டரையா. இவ வயித்துல இருக்கறது என் மகன் பிள்ளைதான்னு. நான் பேசாம மருமவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"உங்க மகனுக்குப் பிள்ளை பிறக்கும், அதுல சந்தேகமே இல்லைன்னு சத்தியம் பண்றேன்" என்றார் டாக்டர்.

"அது இல்லை நான் கேட்டது."

ஆமாம், அது இல்லை. பிள்ளைகளா, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குழந்தை யாருடையது என்று அந்தக் காலத்து டாக்டருக்கு எப்படித் தெரியும்? சின்னையாவுக்குக் குறையில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைப் பெற்ற மகளின் தலையில் அடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெளியில் அத்தனை பேர் பார்க்க இந்தப் பெண் மூட்டையோடு தெருவில் நிற்பாள். கிணற்றுக் கதை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் கனகம் வாயைத் திறந்தாள். "வேணாம் டாக்டரையா! பச்சைப் பிள்ளை தலையில எனக்காகச் சத்தியம் பண்ணாதீங்க. நான் போயிடறேன்."

அடிப்பாவி, கெடுத்தாயே என்று நினைத்தேன். மாமியார் பாய்ந்தார்: "பாத்தீங்களா! அவளே வேணாங்கறா! மடியில கனமில்லேன்னா வழியில ஏன் பயம்?"

டாக்டர் கனகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா முகம் சுண்ணாம்பாக இருந்தது. சாமி கும்பிடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர் அவர். தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மீனாவை இடுப்பிலிருந்து இறக்கிப் புருஷன் முன்னால் நிறுத்தினார்.

டாக்டர் குனிந்து குழந்தையின் தலையில் கை வைத்தார். "கனகம் வயித்துல இருக்கறது உங்க மகனோட பிள்ளை. என் மக மேல சத்தியம்."

மீனா, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அப்பாவின் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

மாமியார் கனகத்தின் கையிலிருந்த மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டார். "வா, வெயில் ஏறுது" என்றார். அவ்வளவுதான். மூன்று பேரும் போனார்கள்.

அவர்கள் போனதும் நான் அடக்கமுடியாமல் கேட்டேன். "உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தப்புப் பண்ணினவ எவளா இருந்தாலும், எப்படியாச்சும் நான் சத்தியம் பண்ணமாட்டேனான்னுதான் பார்ப்பா. இவ தன் உசிரு போற நேரத்துல என் பிள்ளைக்குப் பயந்தா. அதை வெச்சுத்தான் கையை வெச்சேன். வேற அத்தாட்சி என்கிட்ட இல்லை மிஸ்ஸி."

நீங்கள் என்னிடம் கேட்கலாம், அவர் செய்தது சரியா என்று. எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். முதல் நாள் மௌனமாக நின்றது தப்பு என்பேன். ஒரு நோயாளியின் வீட்டுக்காரர் நம் முன்னால் பொய் சொல்லும்போது, அது எவ்வளவு நல்ல பொய்யானாலும், அதன் வால் எங்கே போய் முடியும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தியம் செய்ததைப் பற்றி மட்டும் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் கை வந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில், சத்தியம் பொய்யானால் என்ன ஆகுமோ என்று எங்கள் கண்ணெல்லாம் மீனாவின் மேலேயே இருந்தது. டாக்டர் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் எழுந்து பின்பக்கம் போய் மீனாவைப் பார்த்துவிட்டு வருவார். அது தும்மினால் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவது நின்றது. மூத்த பையன்கள் அடம்பிடித்தால், "அலை ஜாஸ்தியா இருக்கு" என்பார். நம்ம கடலில் என்ன பெரிய அலை? டாக்டரம்மாவும் ஒன்றும் கேட்கமாட்டார். ஒருமுறை குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. அன்று அந்த வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காய்ச்சல் இறங்கியதும் டாக்டரம்மா அடுப்படியில் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்துவிட்டேன்.

கனகத்துக்கு வலி கண்டு எங்களிடமே வந்தாள். முதல் பிரசவம், வயதும் ஏறியிருந்தது, லேசில் ஆகவில்லை. விடிந்ததிலிருந்து இழுத்து, உச்சி வெயில் ஏறும்போது குழந்தையின் இதயத் துடிப்பு குறைய ஆரம்பித்தது. அவள் நாடி ஓடுகிற ஓட்டமும் சரியில்லை. வெளியில் மாமியார் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மீனா எங்கே?" என்று டாக்டர் இரண்டு தரம் என்னிடம் கேட்டார். இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் கேட்கிற கேள்வியா அது! "உள்ளே சாப்பிடுது டாக்டர்" என்றேன். அப்புறம்தான் இடுக்கியைப் போட்டுக் குழந்தையை இழுத்தார்.

குழந்தை வெளியே வந்தது. நீலமாக இருந்தது, சத்தமில்லை. நான் வாங்கித் துடைத்து முதுகில் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். கனகம் தலையைத் தூக்கி, "ஏன் அழலை, ஏன் அழலை" என்றாள். பிறகு அழுதது பாருங்கள், கிளினிக்கே அதிர! வெளியில் மாமியார் ஓவென்று வாய்விட்டு அழுத சத்தம் கேட்டது.

டாக்டர் கனகத்துக்குச் செய்யவேண்டியதையெல்லாம் முடித்து, நாடி பார்த்து, ரத்தம் நின்றுவிட்டது என்று நிச்சயம் செய்துகொண்டார். அப்புறம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மாமியாரையும் சின்னையாவையும் தாண்டி, கறை படிந்த அங்கியோடு நேரே பின்பக்கம் நடந்தார். ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் பதறிப்போய், குழந்தையைச் சின்னையா கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

மீனா சமையலறைத் தரையில் உட்கார்ந்து தயிர்சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். டாக்டர் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டரம்மா ஓடி வந்தார்.

"என்னங்க? கனகம்? கனகத்துக்கு..."

"நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

டாக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன குழந்தை?"

ஊரில் பாதிக் குழந்தைகளை இந்த உலகத்துக்கு வரவேற்ற அந்த மனுஷர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் மீனாவின் கைத்தயிர் ஒட்டியிருந்தது.

"நான் பார்க்கலையே" என்றார்.